குடியிருப்பு வளாகத்தில் பிராணி வளர்க்க: விதிகளைப் படிப்பதும் அனுமதி பெறுவதும்

பிராணியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலர் விதிகளைத் தேடுகிறார்கள். பழகிப்போன நாயை வேறொருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தால் வளர்த்தவரும் நாயும் ஒருசேர வாட வேண்டியிருக்கும் என்பதால், இந்த வரிசையை மாற்றிக்கொள்வது மிக முக்கியம்.

விதிகள் ஒரே ஏட்டில் இருப்பதில்லை. நாட்டின் வனவிலங்குச் சட்டமும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், உள்ளாட்சி அமைப்பின் பதிவு மற்றும் உரிம விதிகளும், குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளும், வாடகைக்கு இருப்பவரானால் வீட்டு உரிமையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தமும் தனித்தனியே பொருந்தும். உள்ளாட்சி உரிமம் கையில் இருப்பதாலேயே வாடகை ஒப்பந்தத்தின் தடை நீங்கிவிடாது. அதேபோல, சங்கம் சம்மதித்தாலும் சட்டம் விலக்கியுள்ள உயிரினத்தை வளர்க்க முடியாது. கிளி, ஆமை போன்றவற்றை விரும்புவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் நட்சத்திர ஆமையும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. கோழி, ஆடு போன்றவை பல இடங்களில் கால்நடைகளாகக் கருதப்பட்டு, செல்லப்பிராணிகளுக்கான விதிக்குள் வருவதே இல்லை.

துணைவிதிகளைப் படிக்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காமல் சொற்களை நிறுத்திப் படியுங்கள். 'நாய்கள் பொது இடங்களில் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அழைத்தவுடன் ஓடிவரும் நாயும் கட்டுப்பாட்டில் உள்ளதே என்று உரிமையாளர் வாதிடுவார். கழுத்தில் வார் இல்லையே என்று பக்கத்து வீட்டார் புகார் எழுதுவார். 'இரண்டு பிராணிகள் வரை' என்ற வரம்பில் கூண்டுப் பறவைகளும் மீன்களும் அடங்குமா, ஈன்ற குட்டிகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், விருந்தினர் அழைத்துவரும் நாய்க்கு விதி என்ன என்பவையும் இப்படியே குழப்பம் தருபவை. இவற்றைச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். வாய்மொழிச் சம்மதம் நிர்வாகக் குழு மாறும் நாளோடு காலாவதியாகிவிடலாம்.

சங்கத்திடம் அனுமதி கேட்கும் கடிதத்துடன் தடுப்பூசிச் சான்றையும் பதிவுச் சீட்டையும் இணைப்பது நல்லது. நாய்க்குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசியின் முதல் தவணை பொதுவாக மூன்று மாத வயதளவில் போடப்படுகிறது. அடுத்த தவணையின் தேதியை மருத்துவர் சான்றிலேயே குறிக்கச் சொல்லுங்கள். அடையாளம் காண உதவும் மைக்ரோசிப்பை (தோலுக்கடியில் வைக்கும் சிறு சில்லு) பொருத்தியிருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

புகார்களில் பெரும்பாலானவை குரைப்பும் கழிவும் பற்றியவை. கழிவை உடனே அகற்றினால் அந்தப் பிரச்சினை முடிந்துவிடும். பால்கனியைக் கழுவும் நீர் கீழ்வீட்டுத் துணிகளில் சொட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். குரைப்பு அவ்வளவு எளிதன்று. நாள் முழுவதும் தனியே விடப்பட்ட நாய் ஏக்கத்தால் குரைப்பதை, வெளியே போயிருக்கும் உரிமையாளர் கேட்கவே மாட்டார் என்பதால், புகார் வந்ததும் மறுக்கத் தோன்றும். மறுக்காமல், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் குரைத்தது என்று குறித்துத் தரும்படி அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து அழைப்பு மணியா, தனிமையா, உடல்நலக் குறைவா என்பது பெரும்பாலும் பிடிபடும். விசாரணை என்று வந்தால் நீங்கள் எடுத்த முயற்சிக்கு அதுவே சான்றாகவும் நிற்கும்.

கடி நேர்ந்தால் விதிப்புத்தகத்தைத் தேட நேரமில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு குறைந்தது 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று தாமதிக்கக் கூடாது. நாயை 10 நாள் கண்காணிப்பில் வைத்து, சங்கத்துக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் நீங்களே தகவல் தெரிவியுங்கள்.

வீடு மாறும்போது பழைய அனுமதி கூடவே வராது. புதிய வளாகத்தின் துணைவிதிகளை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படித்து, உரிமத்திலும் மைக்ரோசிப் பதிவேட்டிலும் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.