எஸ்கலேட்டர் கணக்கும் ஏணி ஏறுவதும்: சீருடைப் பணிக்குத் தேர்வு வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைக்கிறேன். ஒருமுறை எஸ்கலேட்டரை வைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன், "சார், இதுல படி நகருமா, ஆள் நகர்வாரா?" என்று கேட்டான். வேகம், தூரம், நேரம் எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் அளந்தது கணக்கை அல்ல, அவன் பெரிய மாலுக்குப் போயிருக்கிறானா என்பதை.

போலீஸ், தீயணைப்புத் தேர்வுகளில் பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் தெரியாமலே அளந்துவிடுகிறோம்.

கனடாவில் காட்டுத்தீ அணைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்துவந்த மியோரின் என்ற பெண்ணுக்கு, புதிதாக ஒரு தகுதித் தேர்வு வந்தது. 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவருடைய சிறந்த ஓட்டமே 49.4 விநாடி அதிகம், வேலை போனது. அந்த அளவை வகுத்த ஆய்வில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருந்தார்கள். அந்த வேகம் இல்லாவிட்டால் தீயைப் பாதுகாப்பாக அணைக்க முடியாது என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. 1999-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்தது.

சரி, அப்படியானால் தேர்வைச் சுலபமாக்கிவிடலாமா? கூடாது. 2020 தீபாவளி இரவில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தது மதுரைக்காரர்களுக்கு மறக்காது. அந்தச் சந்துக்குள் தண்ணீர் நிறைந்த குழாயை இழுக்கத் தெம்பு வேண்டும், புகையில் திசை தப்பக் கூடாது, ஏணியில் கால் நடுங்கக் கூடாது. அவற்றைக் கறாராகவே சோதியுங்கள். வேலையைப் பார்த்துவிட்டுத் தேர்வை எழுதுங்கள், அவ்வளவுதான்.

உயரத்துக்கும் இதே கேள்விதான். இங்கே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167 என்று விதியே கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் சிறைக் காவலர்களுக்கு வைத்திருந்த உயர, எடை வரம்பு பெரும்பாலான ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களையே அதிகம் வடிகட்டியது. 1977-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பலம் வேண்டுமென்றால் பலத்தை நேராகச் சோதிக்கலாமே என்பதுதான் கேள்வி.

மருத்துவப் பரிசோதனையில் எல்லை மீறுவது இன்னொரு தவறு. பரிசோதனையில் 'திருநங்கை' என்று எழுதிவிட்டதால் கரூரில் ஒரு பெண் காவலரின் வேலை பறிபோனது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் வழக்கு. படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது, மூன்றாவது இல்லை. போராடி வென்று 2017-ல் எஸ்.ஐ. ஆனார். பெண்களிடம் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிக் கேட்கும் வழக்கத்தை எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே கண்டித்துவிட்டது. இன்னும் யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண் அல்ல.

அப்புறம், எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்று. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம் 2003-ல் தீயணைப்பு வீரர்களுக்குப் பதவி உயர்வுத் தேர்வு வைத்தது. கறுப்பினத்தவர் தேர்ச்சி குறைந்ததைப் பார்த்து, பாகுபாடு என்று வழக்கு வருமோ எனப் பயந்து முடிவையே தூக்கிப்போட்டது. படித்துத் தேறியவர்கள் வழக்குப் போட, 2009-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கேள்வித்தாளை முன்பே பல தரப்பினரிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு வந்தபின் கையைப் பிசைந்து என்ன பயன்?

நான் அப்படித்தான் பார்த்தேன். எஸ்கலேட்டரை எடுத்துவிட்டு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணற்றை வைத்தேன். நகரத்துக்குள் இருக்கும் எஸ்.எஸ். காலனிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்: "சார், கமலைன்னா என்ன?"