படம் மோசம் என்று கோபப்படும்போது நாம் செய்யும் தவறுகள்

பெரிய பட்ஜெட் படங்களுக்குப் போய் ஏமாந்து திரும்புவது பலருக்கு வாடிக்கையாகிவிட்டது. கதை பாதியிலேயே தடம் புரள்கிறது, கடைசி அரை மணி நேரம் முழுக்க கிராஃபிக்ஸ் சண்டை, முடிகிற நேரத்தில் அடுத்த பாகத்துக்கு ஒரு விளம்பரம். கோபம் நியாயமானதுதான், எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை நாம் தப்பான இடத்தில் கொட்டுகிறோம். சில சமயம் நாம் வெறுக்கிற படங்களையே வளர்த்தும் விடுகிறோம்.

"அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா?" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை முதலில் விட வேண்டும். பழைய படங்களில் இன்று நம் நினைவில் இருப்பவை காலம் சலித்துக் கொடுத்தவை. வந்த வேகத்தில் காணாமல் போன நூற்றுக்கணக்கான படங்களை யாரும் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. பல வருடங்களில் பொறுக்கியெடுத்த பத்துப் படங்களை இந்த மாதம் வந்த எல்லாப் படங்களோடும் ஒப்பிட்டால் இந்த மாதம் தோற்கத்தான் செய்யும்.

அப்படியென்றால் தரம் குறையவே இல்லையா? குறைந்திருக்கிறது, ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். ஹாலிவுட்டில் பெரிதாக அடி வாங்கியது நடுத்தர பட்ஜெட் படங்கள். பெரியவர்களுக்கான குடும்பக் கதை, நீதிமன்றக் கதை, காதல் நகைச்சுவை எல்லாம் இந்த வகை. 1994-இல் வந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' தியேட்டரில் சரியாக ஓடவில்லை. வீடியோ கேசட்டும் டிவி ஒளிபரப்பும்தான் அதைத் தூக்கி நிறுத்தின. அப்போது தியேட்டரில் கவிழ்ந்த படத்துக்கும் கேசட், அப்புறம் டிவிடி என்று இன்னொரு வருமான வழி இருந்தது. அதை நம்பித் தயாரிப்பாளர்கள் துணிந்தார்கள். டிவிடி வியாபாரம் சரிந்ததும் அந்த நம்பிக்கையும் போனது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடியில், ஒரு படத்தை மெல்ல மெல்ல ஆயிரம் பேர் கண்டுபிடித்துப் பார்த்தாலும் அந்தப் படத்துக்கென்று தனியாகப் பணம் வருவது குறைவு. அதனால் பணம் போடுகிறவர்கள் ஏற்கெனவே பெயர் தெரிந்த கதாபாத்திரம், சீக்வல், ரீமேக் என்று ஒதுங்கிவிட்டார்கள். திறமைசாலிகள் இல்லாமல் போகவில்லை, அவர்களுக்கு இருந்த இடம்தான் சுருங்கிவிட்டது.

இதைப் பார்க்காமல் எல்லாப் பழியையும் எழுத்தாளர் மீதும் கிராஃபிக்ஸ் கலைஞர்கள் மீதும் போடுவது பெரிய அநியாயம். பெரிய ஸ்டுடியோக்கள் பல வருடங்களுக்கு முன்பே, சில சமயம் படத்துக்குப் பெயர்கூட வைக்காமல், ரிலீஸ் தேதியை அறிவித்துவிடுகின்றன. தேதி நகராது, அதற்குள் எழுதி முடி என்றால் இரண்டாம் பாதி எப்படி நிற்கும்? காட்சியைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு அதே தேதிக்குள் கிராஃபிக்ஸைக் கேட்டால் அது ரப்பர் பொம்மை மாதிரித்தான் வரும். 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சூப்பர் ஹீரோ படங்கள் எடுக்கும் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் பணியாளர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். படம் மோசமாக வருவதில் முதலில் நொந்துபோகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்து, சதவீதத்தை மார்க் என்று நினைப்பது. விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்று பார்த்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கிய படம் என்று நம்பிப் போகிறோம். அது அப்படியில்லை. நூற்றுக்கு எத்தனை விமர்சகர்கள் படம் நன்றாக இருக்கிறது என்ற பக்கம் நின்றார்கள் என்பதுதான் அந்த எண். பத்துப் பேரும் "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொன்னாலே 100 வந்துவிடும். ஆறு பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி நான்கு பேர் பிடிக்கவில்லை என்றால் 60தான். யாரையும் உறுத்தாத, யாரையும் உலுக்காத படத்துக்குத்தான் இந்தக் கணக்கு வசதி. எண்ணை விட்டுவிட்டு, உங்கள் ரசனைக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று விமர்சகர்களைத் தொடர்ந்து படியுங்கள். எப்போதும் உங்களோடு முரண்படுகிற விமர்சகரும் நல்ல வழிகாட்டிதான்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. "படமே சீரியல் மாதிரி இருக்கிறது" என்று தோன்றினால் முதலில் டிவியின் செட்டிங்ஸைப் பாருங்கள். படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் எடுக்கப்படுகின்றன. மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி ஆனில் இருந்தால், இடையில் இல்லாத ஃபிரேம்களை டிவியே உருவாக்கிச் சேர்த்துவிடுகிறது. அசைவு வழுவழுவென்று ஆகி, கோடிகள் கொட்டி எடுத்த காட்சியும் மலிவாகத் தெரியும். இதை அணைத்துவிடுங்கள் என்று 2018-இல் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். புதிய டிவிக்கள் பலவற்றில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டாலே போதும். அப்புறம், கையில் போனை வைத்து நோண்டிக்கொண்டே பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்று சொல்லாதீர்கள். பாதிக் கவனத்தோடு பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமென்றே வசனத்தில் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லும் படங்கள் பெருகுகின்றன.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. "எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம்" என்று முதல் நாளே டிக்கெட் எடுப்பது. வசூல் கணக்கில் உங்கள் எரிச்சலுக்கு இடமில்லை. ரசித்தவர் டிக்கெட்டும் திட்டியவர் டிக்கெட்டும் அங்கே ஒன்றுதான். நம் கோபம் அடுத்த பாகத்துக்கான முதலீடாகப் போய்ச் சேர்கிறது. பிடிக்காது என்று தெரிந்த படத்துக்குப் போகாமல் இருங்கள், அந்த ஒரு மறுப்புதான் அவர்கள் கணக்கில் தெரியும். பார்க்க நினைத்திருந்த சின்னப் படத்துக்கோ "நல்லா இருக்குன்னு சொல்லட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். முதல் வார இறுதியின் கூட்டத்தை வைத்துத்தான் அடுத்த வாரம் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்று தியேட்டர்கள் முடிவு செய்கின்றன. நீங்கள் மெதுவாகக் கிளம்பிப் போகும்போது அந்தப் படம் அங்கே இருக்காது.