சாவி திருப்பினால் 'டிக்' மட்டும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பாவின் பழைய அம்பாசடர் ஒரு காலையில் 'டிக்' என்றதோடு சரி, இன்ஜின் சுற்றவே இல்லை. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், ஆனால் மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட், ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் தம்பியைச் சாவி திருப்பச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பார்த்தால் 4 வோல்ட்! அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் பேட்டரிக்குத் திரும்பிப் போக, இன்ஜினை கார் பாடியோடு இணைக்கும் உலோகப் பட்டையான எர்த் பட்டைதான் வழி, உப்புக்காற்றில் அது பச்சை பூத்து நைந்து கிடந்தது. புதுப் பட்டை வாங்கி, பொருத்தும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாள் தேய்த்து முறுக்கினேன், மேலே வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.