நெகேமியா மாதிரி பொறுப்பு எடுத்து நடத்துறது எப்படி?

லீடர்ஷிப்னு சொன்னாலே எல்லாரும் தாவீது, கோலியாத்னு ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கென்னவோ அன்றாட வாழ்க்கைக்கு ஒத்து வர்ற ஆளு, பைபிள்ல தன் பேர்லயே ஒரு புத்தகம் இருக்கிற நெகேமியாதான். பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனா (திராட்சரசம் பரிமாறுறவரா) இருந்தவர், லீவு கேட்டு எருசலேம் வந்து, இடிஞ்சு கிடந்த அலங்கத்தை (நகர மதில் சுவரை) 52 நாள்ல கட்டி முடிச்சார். வீடு, ஆபீஸ், சபைக் கமிட்டி, எதுல பொறுப்பு வந்தாலும் இவர்கிட்ட எடுத்துக்க நிறைய இருக்கு.

முதல்ல போய்ப் பாருங்க, அப்புறம் பேசுங்க. வந்து மூணு நாள் ஆச்சு, யார்கிட்டயும் எதுவும் சொல்லல, ராத்திரியில கொஞ்ச பேரை மட்டும் கூட்டிட்டு இடிஞ்ச சுவரை ஒவ்வொரு இடமா பார்த்துட்டு வர்றார். நான் இதுக்கு நேர்மாறா பண்ணி மூக்கு உடைபட்டவன், புது டீம் கைக்கு வந்த முதல் நாளே மீட்டிங் போட்டு எட்டு மாற்றம் சொன்னேன், அதுல மூணு அவங்க ஏற்கனவே செஞ்சு பார்த்து கைவிட்டதாம், மீட்டிங்ல யாரும் வாயத் திறக்கல, டீ குடிக்கும்போதுதான் ஒருத்தர் மெல்ல சொன்னார். அதனால முதல் வாரம் கேள்வி மட்டும் கேளுங்க.

அடுத்தது தப்புல நம்ம பங்கு. 5ம் அதிகாரத்துல ஜனங்க வயலை அடமானம் வச்சு, பிள்ளைகளையே அடிமையா விட்டுட்டு வந்து அழுறாங்க. நெகேமியாவுக்குப் பயங்கர கோபம். ஆனா உடனே கத்தல, மனசுக்குள்ள யோசிச்சிட்டுத்தான் பெரிய மனுஷங்களைக் கேக்குறார், கேக்கும்போதே நானும் என் சகோதரரும் கூட கடன் கொடுத்திருக்கோம், இதை விட்டுடுவோம்னு தன்னையும் சேர்த்துக்குறார். வீட்டுல பிள்ளைங்ககிட்ட போனை வைனு சொல்றதுக்கு முன்னாடி இதை ட்ரை பண்ணுங்க, "நானும் சாப்பிடும்போது பார்க்குறேன், இன்னைக்கு ரெண்டு பேரும் வச்சிடலாம்". கசக்கும்தான், ஆனா வேலை செய்யுது.

படி (பதவிக்குக் கொடுக்குற சாப்பாட்டு அலவன்ஸ்) விஷயம் சின்னது மாதிரி தெரியும். அங்க அதிபதியா (கவர்னரா) இருந்தும், அதிபதிக்குனு ஒதுக்கின படியை 12 வருஷம் அவர் வாங்கவே இல்ல, ஏற்கனவே ஜனங்க மேல பாரம் அதிகம்னு. நமக்கு அதுன்னா நல்ல ஷிப்டை நாமளே எடுத்துக்காம இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியா, பேரைச் சொல்லுங்க. 3ம் அதிகாரம் படிக்க போர் அடிக்கும், வெறும் பேர் லிஸ்ட்னு நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க. நிதானமா படிச்சா தட்டான் இருக்கான், தைலக்காரன் இருக்கான், சல்லூமோட மகள்கள் கூட சுவர் கட்டுறாங்க, பல பேருக்கு அவங்கவங்க வீட்டுக்கு எதிரே இருந்த பகுதிதான் வேலை. தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கல, அதாவது இறங்கி வேலை செய்யலன்னும் எழுதியிருக்கு, ஆனா அதே ஊர்க்காரங்க தங்க பங்கை முடிச்சிட்டு இன்னொரு பகுதியையும் கட்டினாங்க, அதுவும் பதிவாகியிருக்கு. அடுத்த தடவை குரூப்ல "எல்லாருக்கும் நன்றி"னு போடுறதுக்குப் பதிலா யார் என்ன செஞ்சாங்கனு பேரோட ஒவ்வொரு வரி டைப் பண்ணுங்க, முக்கியமா நாற்காலி அடுக்கிட்டு கடைசியா போனவங்க பேரை விட்டுடாதீங்க.