யோபு புத்தகத்தை வேதபாடக் குழுவில் நடத்தும் முறை

42 அதிகாரங்களையும் வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் பாதி வழியில் கூட்டம் கரைந்துவிடும். நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும்: 1–3, 4–14, 15–37, 38–42. நண்பர்களுக்குப் பின் பேசவரும் இளைஞன் எலிகூவின் ஆறு அதிகாரங்களை (32–37) வீட்டில் வாசித்துவரச் சொல்லுங்கள். அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை, தேவனும்கூட.

தொடங்குமுன் ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, ஒவ்வொரு அதிகாரத்தின் தலையிலும் பேசுகிறவர் பெயரை எழுதவையுங்கள். துன்பத்தில் விழுந்த யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மூவர்: 4, 5, 15, 22 எலிப்பாஸ். 8, 18, 25 பில்தாத். 11, 20 சோப்பார். 3 முதல் 31 வரை மீதியெல்லாம் யோபு. 38–41 தேவன், நடுவில் 40:3–5 மட்டும் யோபு. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். இதை விட்டால் மற்றதெல்லாம் கோணலாகப் போகும்.

காரணம், நம் வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகிறது. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (8:7) என்பதை வாக்குத்தத்தமாகக் காலண்டரில் அச்சிடுகிறோம். பேசுகிறவன் பில்தாத். மூன்று வசனம் முன்னால்தான், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனான யோபிடம், பிள்ளைகள் தங்கள் பாவத்தால் செத்தார்கள் என்ற தொனியில் பேசியிருக்கிறான். 42:7இல் தேவன் கோபப்படுவது இந்த மூவர்மேல்தான்.

அதற்காக நண்பர்கள் சொன்னது முழுவதும் பொய் என்று தள்ளவும் முடியாது. எலிப்பாசின் 5:13ஐப் பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் எடுத்தாளுகிறார். கோளாறு தர்க்கத்தில் இருக்கிறது. பாவத்துக்குத் தண்டனை உண்டு என்பதைத் தலைகீழாக்கி, துன்பம் வந்திருக்கிறது, ஆகவே பாவம் இருந்தே தீரவேண்டும் என்கிறார்கள். இதை விளக்கிச் சொல்வதைவிட வாசித்துக் காட்டுவது நல்லது. முதலில் 4:7: "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" உடனே 22:6–9. அங்கே அதே எலிப்பாஸ், யோபு விதவைகளை வெறுமையாய் அனுப்பினான் என்று குற்றத்தையே இட்டுக்கட்டுகிறான். கொள்கையைக் காப்பாற்ற மனிதனைக் குற்றவாளியாக்குகிறான். அடுத்து 31:16–22ஐ வாசித்தால் யோபின் பதில் கிடைக்கும்.

முதல் வாரத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எபிரெயத்தில் 'ஹின்னாம்'. 1:9இல் சாத்தான், யோபு "விருதாவாகவா" தேவனுக்குப் பயப்படுகிறான் என்று கேட்கும்போது வருவது அது. 2:3இல் "முகாந்தரமில்லாமல்" அவனை நிர்மூலமாக்க நீ என்னை ஏவினாய் என்று தேவனே சாத்தானிடம் சொல்லும்போதும் அதே சொல். தேவனுக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த இந்த உரையாடலை அறியாத யோபும் 9:17இல் அதையே சொல்கிறான். தமிழில் இரண்டு சொற்களாகப் பிரிந்ததால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. "நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது" (3:25) என்பதைக் காட்டி, யோபின் பயமே சாத்தானுக்குக் கதவைத் திறந்தது என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். வாதாடவேண்டாம், 2:3ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசி வாரம், தேவன் பேசாமல் விட்டவற்றைப் பட்டியலிடவையுங்கள். சாத்தானோடு நடந்த பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துன்பம் ஏன் வந்தது என்ற விளக்கமும் இல்லை, யோபு இந்தப் பாவம் செய்தான் என்ற குற்றச்சாட்டும் இல்லை. மனிதரே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்வது (38:26), காட்டுக்கழுதை, லிவியாதான் என்னும் பயங்கரமான கடல்மிருகம் என்று பேச்சு போகிறது. இது பதிலா என்று கேட்பவரை அடக்காதீர்கள். 42:6இல் "என்னை அருவருத்து" என்பதில் உள்ள "என்னை" எபிரெய மூலத்தில் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். யோபு எதைத் தள்ளுகிறான் என்பது திறந்தே இருக்கிறது.

முடிவில் 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் மறுபடியும் பத்துப் பேர்தான். பழைய பத்துப் பேரைப் பற்றிப் புத்தகம் பேசவில்லை. நீங்களும் இட்டு நிரப்பவேண்டாம்.

குழுவில் பிள்ளையை இழந்தவர் இருந்தால், இரண்டாம் வாரத்துக்கு முன்பே தனியாகப் பார்த்து என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். அன்று வட்டமாக வாசிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 8:4 அவர் முறைக்கு விழுந்துவிடக்கூடாது.