ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் இரத்தசோகை இருக்கலாம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் என் அத்தை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டே, கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 98 என்று கண்டதும் நிம்மதி அடைந்துவிடுவார். அந்த எண் பொய்யில்லை. அது சொல்லும் செய்திதான் வேறு.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் ஒவ்வொரு மூலக்கூறும் நுரையீரலில் தன் 4 இரும்பு அணுக்களில் 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏற்றிக்கொண்டு, தமனிகள் வழியே நுண்குழாய்களை அடைந்து, கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் மிகுந்த திசுக்களில் அவற்றில் ஒரு பகுதியை இறக்குகிறது. இருக்கின்ற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளது என்பதையே ஆக்சிமீட்டர் காட்டுகிறது. மொத்த அளவை அது அறியாது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 பேருந்துகளுக்குப் பதிலாக 10 மட்டுமே ஓடினாலும், இருக்கைகள் நிரம்பித்தான் இருக்கும் அல்லவா! 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமப்பதால், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது 15 கிராமிலிருந்து 7.5 கிராமாகக் குறைந்தால், சுமையும் 20 மில்லிலிட்டரிலிருந்து 10 ஆகப் பாதியாகிவிடும்.

ஆகவே சோர்வும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், மருத்துவரைக் கண்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்து உண்டால் அதிலுள்ள இரும்பு கூடுதலாக உட்கிரகிக்கப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும் என்பதால், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.