வேகமெடுக்கும்போது மின்சாரக் கார் உதறினால்

மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் மோட்டாரின் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிளட்சும் கியர் மாற்றமும் இல்லாததால், அந்த விசையை மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள டிரைவ் ஷாஃப்ட்டே தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே வண்டி வேகமெடுக்கும்போது மட்டும் உதறுமானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஷாஃப்ட்டின் உள்மூட்டை, அதாவது மோட்டார் பக்கத்து இணைப்பை; மோட்டாரையும் பேட்டரியையும் அல்ல. ஆனாலும் எதையும் கழற்றுவதற்கு முன்பு, உதறல் மிதிக்கும் அழுத்தத்தைப் பொறுத்து வருகிறதா, ஓடும் வேகத்தைப் பொறுத்து வருகிறதா என்பதை ஓட்டிப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பட்டறைக்குப் போகிறவர்களே தேவையற்ற பாகங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

சோதனைக்கு நேரான, சமமான சாலை வேண்டும். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானுக்கும் தாழையூத்துக்கும் இடைப்பட்ட நான்குவழிச் சாலையில் அதிகாலையில் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது பார்க்கலாம். வள்ளியூருக்குத் தெற்கே, பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சோதிக்க வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்து, நல்ல வண்டியையும் பழுதான வண்டிபோல ஆட்டிவிடும்.

ரீஜென் (மிதியைத் தளர்த்தும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரமாக்கும் வசதி) அளவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை சற்று அழுத்தமாக மிதித்து, எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு அதே வேகத்தில், திரையில் மின்சக்தி அளவு ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்குமாறு மிதியைத் தளர்த்துங்கள். உதறல் அப்போதே அடங்கிவிட்டால் கோளாறு ஷாஃப்ட்டிலோ, மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிலோ இருக்கிறது. அடங்காமல் தொடர்ந்தால் கோளாறு சக்கரத்தில் இருக்கிறது. செங்கோட்டையைக் கடந்து புளியரை ஏற்றத்தில் ஏறும்போது, சமதரையில் அதே வேகத்தில் இல்லாத உதறல் தோன்றினால், அது முதல் முடிவை உறுதிப்படுத்தும். ஆனால் லாரிகள் நெருக்கும் அந்த வளைவுகளில் சோதனைக்கென்றே மிதித்து ஓட்டக் கூடாது.

சக்கரத்துக் கோளாறு எளியது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்வெளிச் சாலைகளில் மழைக்காலத்தில் ஓடும் வண்டிகளுக்கு ரிம்மின் உட்புறம் சேறு ஒட்டிக் காய்ந்து, அதுவே சமநிலையைக் கெடுத்துவிடும். அதைக் கழுவி, டயரில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து, காற்றைச் சரிசெய்து, வீல் பேலன்சிங் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஷாஃப்ட்டின் உள்மூட்டில் மூன்று உருளைகள், மூன்று பள்ளங்களுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே சுழல்கின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால், சுமை ஏறும்போது உருளைகள் வழுக்காமல் சிக்கிச் சிக்கி நகர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஷாஃப்ட் எவ்வளவு சாய்வாக நிற்கிறதோ அவ்வளவுக்கு இந்த உராய்வு கூடும். வேகத்தடைகளில் அடியிலுள்ள பேட்டரி தட்டிவிடுமோ என்று அஞ்சிச் சிலர் சஸ்பென்ஷனில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைத்து வண்டியை உயர்த்துகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த உயரம் உள்மூட்டை விரைவாகத் தின்றுவிடும் என்பதால், ஸ்பேசர் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். நேராகப் போகும்போது இல்லாமல், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது மட்டும் ‘டக் டக்’ என்று ஒலித்தால் தேய்ந்திருப்பது சக்கரத்துப் பக்கமுள்ள வெளிமூட்டு.

அடியில் பார்ப்பதற்கு முன் வண்டியை அணைத்து, சாவியைத் தள்ளி வைத்து, கீழே நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே ஜாக்கி வைக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் வைத்தால் பெட்டி நசுங்கும். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லாமல் ஒருபோதும் கீழே நுழையாதீர்கள். உயர்மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடக் கூடாது. உள்மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறதா, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட்டை மூட்டுக்கு அருகே பிடித்து மேலும் கீழும் அசைத்து, வழக்கத்துக்கு மீறிய ஆட்டம் உண்டா என்றும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட் முழுதாக இருந்தாலும் உள்ளே தேய்மானம் இருக்கலாம். மோட்டார் மவுண்டின் ரப்பர் வெடித்திருந்தால், புறப்படும் கணத்திலும் மிதியை விடும் கணத்திலும் ஒரே ஒரு ‘தொம்’ கேட்கும்.

ஷாஃப்ட்டைக் கழற்றுவது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. கழற்றியபின் பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் தட்டினால் மூட்டையோ ஷாஃப்ட்டையோ மாற்றத்தான் வேண்டும். புதிய கிரீஸ் மட்டும் போட்டால் உதறல் சில காலம் அடங்கி, மறுபடியும் வரும். பள்ளம் வழவழப்பாக இருந்தால் மட்டும், தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைச் சொன்ன அளவில் இட்டு, புதிய பூட்டும் கிளாம்பும் போட்டால் போதும். ஆயில் சீலையும் ஹப் நட்டையும் புதிதாகவே போட்டு, சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, சிந்திய கியர் ஆயிலை அதே வகையால் நிரப்ப வேண்டும்.

உதறலோடு சக்தி குறைந்து குறைந்து வருவதும் எச்சரிக்கை விளக்கு எரிவதும் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. மோட்டாரின் சுழல்நிலையை அறியும் சென்சாரிலோ, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரிலோ, கனெக்டரிலோ கோளாறு இருக்கலாம். அதை ஸ்கேனர் வைத்திருக்கும், உயர்மின்னழுத்தப் பயிற்சி பெற்ற பணிமனையே பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் நின்ற வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால், அந்தக் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது மிக முக்கியம்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்துகொண்டு, முன்பு ஓட்டிய அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முன்சக்கர இயக்க வண்டியானால், பின்னிருக்கையில் ஆள்களை ஏற்றி இன்னொரு முறையும் பாருங்கள். அந்தச் சுமையோடு வேகமெடுக்கையில் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும்போது மிச்சமிருக்கும் உதறல் வெளிப்படலாம்.